செர்பியரையும் சீனரையும் ஒரே தராசில் நிறுத்தப் போனால்

ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களில் செர்பியர்கள் நன்றாக வாழ்கிறார்களா, சீனர்களா? கேள்வி ஒற்றை வரிதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பிறந்த நாட்டை ஒரு பக்கமும் வருமானத்தை இன்னொரு பக்கமும் வைத்தால் அட்டவணை வந்துவிடும், ஒரு சனி ஞாயிறில் வேலை முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு ஏழு வாரம் பிடித்தது. அதில் முதல் நான்கு வாரத்து வேலை முழுக்கக் குப்பைக்குப் போனது. வருத்தத்தைவிட வெட்கம்தான் அதிகம். விழுந்த குழி ஒவ்வொன்றும் துறைக்காரர்களுக்குத் தெரிந்த குழி. அங்கே பள்ளம் என்று ஒரு கல் நட்டு வைக்கத்தான் ஆளில்லை. நான் விழுந்த வரிசையிலேயே கற்களை நட்டு வைக்கிறேன். குடியேறிய எந்த இரண்டு சமூகங்களை ஒப்பிடுகிறவர்களுக்கும் இவற்றில் பாதியாவது பயன்படும்.

முதல் குழி, பிறந்த நாடு. 2021 கணக்கெடுப்பில் செர்பிய வம்சாவளி என்று எழுதியவர்கள் சுமார் 95,000 பேர். செர்பியாவில் பிறந்தவர்கள் யார் என்று கேட்டால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். மற்றவர்களில் பலர் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இன்னொரு பகுதியினர் போஸ்னியாவிலும் குரோஷியாவிலும் பிறந்த செர்பியர்கள். 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை கிராஜினா பகுதியைப் பிடித்தபோது அங்கிருந்த செர்பியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் டிராக்டரிலும் காரிலுமாக வெளியேறினார்கள். அவர்களில் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த குடும்பம் படிவத்தில் பிறந்த நாடு குரோஷியா என்றுதான் எழுதும், அதுதான் உண்மையும்கூட. பிறந்த நாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், போரில் வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள் செர்பியர் கணக்கிலிருந்து மொத்தமாக விழுந்துவிடுவார்கள். நலத்தை அளக்கப் போய், அதிகம் அடிபட்டவர்களையே வெளியே நிறுத்திவிட்டு அளப்பதாக ஆகும்.

அதோடு நாட்டின் பெயரே மாறிக்கொண்டிருந்தது. 1992இல் யூகோஸ்லாவியா சிதறி, மிச்சம் இருந்தது கூட்டாட்சி யூகோஸ்லாவியா ஆனது. 2003இல் அதுவே செர்பியா மாண்டினீக்ரோ. 2006 ஜூனில் மாண்டினீக்ரோ பிரிந்தது. 2008இல் கொசோவோ சுதந்திரம் அறிவித்தது. ஆஸ்திரேலியக் கணக்கெடுப்போ 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று வருகிறது. அதனால் 'செர்பியாவில் பிறந்தவர்கள்' என்ற வரிசை ஒரு கணக்கெடுப்பிலிருந்து அடுத்ததற்குக் கூடினாலும் குறைந்தாலும், ஆள் வந்தார்களா போனார்களா, பெயர்ப் பலகை மாறியதா என்று சொல்ல முடியாது. இன்றும் யூகோஸ்லாவியா என்றே எழுதும் முதியவர்கள் உண்டு. அவர்கள் 'தென்கிழக்கு ஐரோப்பா, மேல்விவரம் இல்லை' என்ற மூட்டையில் போய்ச் சேருவார்கள். 1999இல் கொசோவோவிலிருந்து சுமார் 4,000 பேர் தற்காலிக அடைக்கலமாக ஆஸ்திரேலியா கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். தங்கிவிட்ட சிலர் அல்பேனியர்கள், செர்பியர்கள் அல்ல. பழைய நாட்டுப் பெயரை வைத்துத் தேடினால் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

இதற்கு மூன்று சல்லடை வேண்டும்: வம்சாவளி, வீட்டில் பேசும் மொழி, மதம். மதக் கேள்வியில் செர்பிய ஆர்த்தடாக்ஸ் என்று தனிப் பிரிவே இருப்பது நம் அதிர்ஷ்டம். வம்சாவளியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றும் ஒத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறை. வம்சாவளி மட்டும் எழுதி மொழியும் மதமும் விட்டவர்கள் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்கள். இலங்கைத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'இலங்கையில் பிறந்தவர்கள்' என்ற வரிசையில் தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் ஒன்றாகக் கிடக்க, அந்தச் சராசரி யாருடைய வாழ்க்கை என்று கேட்டுப் பழகியவர்கள்தானே.

சீனர் பக்கம் இதே குழி தலைகீழாக இருக்கிறது. 2021இல் சீன வம்சாவளி எழுதியவர்கள் சுமார் 13.9 லட்சம். ஹாங்காங், மக்காவ், தைவான் தவிர்த்து சீனாவில் பிறந்தவர்கள் சுமார் 5.5 லட்சம்தான். மீதியில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, வியட்நாம், கிழக்குத் திமோர் ஆகிய இடங்களில் பிறந்த சீனர்களும், இங்கேயே பிறந்தவர்களும் இருக்கிறார்கள். 1950களில் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் படிக்க வந்த மலேயாச் சீனரும், 1970களின் கடைசியில் வியட்நாமிலிருந்து படகேறிய, சைகோனின் சீனர் பகுதியான சோலன் வியாபாரிக் குடும்பமும், போன வருடம் ஷாங்காயிலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவியும் ஒரே பெட்டியில். மொழி ஓரளவு பிரித்துக் காட்டும்: வீட்டில் மாண்டரின் பேசுவோர் 6.85 லட்சம், கான்டனீஸ் பேசுவோர் 2.95 லட்சம். கான்டனீஸ் பேசுகிறவர்கள் பொதுவாக ஹாங்காங், குவாங்டாங், வியட்நாம் வழி வந்த பழைய கூட்டம். மாண்டரின் பெரும்பாலும் 1990க்குப் பின் வந்த கூட்டம். முழுக்கச் சரியான கோடு இல்லை, ஆனால் கோடே இல்லாததற்கு இது மேல்.

வம்சாவளிக் கேள்விக்கும் ஒரு கோணல் உண்டு. படிவத்தில் சீனர் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. டிக் அடித்தால் போதும். செர்பியர் என்று கையால் எழுத வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பையன் சோம்பலில் 'ஆஸ்திரேலியன்' கட்டத்தை டிக் அடித்துவிட்டுப் போவான். ஆக செர்பியர் எண்ணிக்கையில் குறைவது யார் என்றால், நன்றாகக் கலந்து, நன்றாகச் சம்பாதித்து, அடையாளத்தைப் பற்றி அதிகம் நினைக்காத பேரப்பிள்ளைகள்தான். எண்ணிக்கை குறைவது மட்டுமில்லை, மிச்சம் இருப்பவர்களின் சராசரியும் கீழே இறங்குகிறது. ஒருவருக்கு இரண்டு வம்சாவளி வரை பதிவாகும். அட்டவணை போடும் கருவியில், டேபிள்பில்டர் என்பார்கள், 'முதல் வம்சாவளி' என்ற மாறியை எடுத்தால் இரண்டாவதாகச் செர்பியர் என்று வந்தவர்கள் போய்விடுவார்கள். முதல், இரண்டாவது என்பது முக்கியத்துவ வரிசையும் இல்லை. பல பதில்களை ஏற்கும் மாறியைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் எல்லா வம்சாவளிகளின் கூட்டுத்தொகை நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். இன்னொன்று: தனிநபர் அடையாளம் தெரியாமலிருக்க அந்தக் கருவி ஒவ்வொரு கட்டத்து எண்ணையும் லேசாக அசைத்துத்தான் தரும். ஆயிரங்களில் அது தெரியாது. 'வாலங்கொங்கில் வசிக்கும், 45 முதல் 54 வயதுள்ள, முதுகலை படித்த செர்பியப் பெண்கள்' என்று நறுக்கிக்கொண்டே போனால் 6, 11 என்று வரும் எண்களில் உண்மை எது, அசைவு எது என்று தெரியாது. அப்படிப்பட்ட எண்ணை விழுக்காடாக மாற்றி வரைபடம் போட்டதில் எனக்கு மூன்று நாள் வீண்.

அடுத்தது வருமானம். நான்கு வாரம் போனது பெரும்பாலும் இங்கேதான். 2021இல் நாடு முழுவதற்கும் தனிநபர் வார வருமானத்தின் இடைநிலை, அதாவது எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் தொகை, 805 டாலர். 2016இல் 662 டாலர். சீனாவில் பிறந்தவர்களின் இடைநிலையை எடுத்தால் தேசிய எண்ணுக்குக் கீழே கிடக்கும். சீனர்கள் ஏழைகள் என்று எழுதிவிடலாமா? அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முழுநேர மாணவர்கள், இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை என்ற விசா வரம்பு பல ஆண்டுகள் அவர்கள் தலைமேல் இருந்தது. பிறகு பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்த தாத்தா பாட்டிகள். அவர்கள் 'வருமானம் இல்லை' என்று எழுதுவார்கள். மகன் வங்கியில் வேலை, மருமகள் கணக்காளர், வீட்டில் இரண்டு பெரியவர்களுக்குச் சுழியம். தனிநபர் இடைநிலை எடுத்தால் இந்த வீடு வறுமைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும். போதாதற்கு 2021 கணக்கெடுப்பு நடந்த ஆகஸ்ட் 10 அன்று நாட்டின் எல்லை மூடிக் கிடந்தது. 2020 மார்ச் 20 முதல் வெளிநாட்டு மாணவர்கள் உள்ளே வர வழியில்லை. ஊரில் இருந்தபடி இணையத்தில் படித்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அதனால் 2016க்கும் 2021க்கும் இடையே சீனர்களின் இடைநிலை வருமானம் ஏறினால், சம்பளம் கூடியது எவ்வளவு, மாணவர் குறைந்தது எவ்வளவு என்று பிரிக்காமல் ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. வழி இதுதான்: முழுநேர மாணவர்களை நீக்குங்கள், 25 முதல் 64 வயது வரை வையுங்கள், அதன்பின் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் எல்லோருக்கும் ஒன்றுமாக இரண்டு இடைநிலை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு செய்தி.

படிவத்தில் வருமானம் துல்லியத் தொகையாக வராது, அடுக்குகளாக வரும்: 500 முதல் 649, 650 முதல் 799, 800 முதல் 999 என்று. இடைநிலையை நாமே கணக்கிட வேண்டும். கணக்குக்காக ஒரு உதாரணம்: 1,000 பேர்; 650க்குக் கீழே 440 பேர்; 650 முதல் 799 வரையுள்ள அடுக்கில் 120 பேர். நடு ஆள் 500ஆவது. அந்த அடுக்குக்குள் இன்னும் 60 பேர் நடக்க வேண்டும், அதாவது பாதி. அடுக்கின் அகலம் 150, அதில் பாதி 75, இடைநிலை 725. 'பதில் தரவில்லை' என்ற வரிசையை முதலிலேயே கழித்துவிடுங்கள். அதை மறந்தால் இடைநிலை எங்கேயோ போய் நிற்கும். ஏன் என்று தேடி ஒரு நாள் போகும். சராசரி போடலாம் என்று நினைக்க வேண்டாம். உச்ச அடுக்குக்கு மேல்வரம்பு கிடையாது, எதை வைத்துப் பெருக்குவது?

குடும்ப வருமானத்துக்கு வந்தால் வேறொரு கோணல். சீனர் வீட்டில் தலைகள் அதிகம், முதிய செர்பியர் வீட்டில் இரண்டே பேர். மொத்த வருமானத்தை நேரடியாக ஒப்பிடக் கூடாது. வழக்கில் உள்ள சமன் அளவுகோல் முதல் பெரியவருக்கு 1, கூடுதலாக உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 15 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு 0.3 என்று எடைபோடுகிறது. முதிய தம்பதி வீட்டில் வாரம் 1,050 டாலர் வந்தால் 1.5ஆல் வகுத்து 700. தம்பதி, இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை உள்ள வீட்டில் 2,240 வந்தால் 2.8ஆல் வகுத்து 800. கையில் வரும் பணம் இரண்டு மடங்குக்கு மேல். வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் ஏழில் ஒரு பங்கு. இதிலும் பாட்டி செய்யும் வேலைக்கு விலை போடவில்லை. சிட்னியில் குழந்தைக் காப்பகக் கட்டணம் கட்டிப் பார்த்தவர்களுக்கு, பாட்டி வருமானம் சுழியம் என்பது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும்.

வயது எல்லாவற்றையும் புரட்டிப்போடும். ஐரோப்பாவிலிருந்து போருக்குப் பின் வந்த கூட்டம் முதியது, சீனக் கூட்டம் இளையது. கற்பனையாக இரண்டு சமூகம், ஆளுக்கு 1,000 பேர் என்று வையுங்கள். முதலாவதில் 800 முதியோர், 200 இளையோர். முதியோரில் 80 விழுக்காட்டினருக்கும் இளையோரில் 40 விழுக்காட்டினருக்கும் சொந்த வீடு. மொத்தம் 720 பேர், 72 விழுக்காடு. இரண்டாவதில் 200 முதியோர், 800 இளையோர். முதியோரில் 85, இளையோரில் 45 விழுக்காடு. மொத்தம் 530 பேர், 53 விழுக்காடு. முதல் சமூகம் எவ்வளவோ மேல் என்று தலைப்புப் போடத் தோன்றும். ஆனால் இரண்டு வயதிலும் முந்தி நிற்பது இரண்டாவது சமூகம். பாதிக்குப் பாதி வயது என்று சமன் செய்தால் 60க்கு எதிராக 65. ஆகவே வயதுவாரியாகப் பிரிக்காத எந்த எண்ணையும் நம்பக் கூடாது. சொந்த வீடு, நோய், வேலையின்மை, ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2021இல்தான் முதன்முறையாக நாட்பட்ட நோய்கள் பற்றிக் கேட்டார்கள். அந்த அட்டவணையை வயது பார்க்காமல் எடுத்தால் செர்பியர் அனைவரும் நோயாளிகளாகத் தெரிவார்கள்.

இவ்வளவு சுத்தம் செய்த பிறகும் எண்கள் பேசாமல் நின்றன. எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதைச் சேர்த்த பிறகே வாய் திறந்தன. முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும், கடைசியில் செய்தேன். செர்பியர்களின் முதல் பெரிய அலை இரண்டாம் உலகப் போருக்குப் பின். ஜெர்மன் முகாம்களில் இருந்த போர்க்கைதிகள், கம்யூனிஸ்ட் ஆட்சிக்குத் திரும்ப விரும்பாத அரசர் ஆதரவாளர்கள். இடம்பெயர்ந்தோர் திட்டத்தில் 1947 முதல் ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்ட சுமார் 1,70,000 பேரில் இவர்களும் உண்டு. அரசு சொல்லும் இடத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம். ஊரில் வக்கீலாக இருந்தவரும் இங்கே மண்வெட்டிதான். 1949இல் தொடங்கிய ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் பலர் சுரங்கம் வெட்டினார்கள். இரண்டாவது அலை 1970இல் யூகோஸ்லாவியாவோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின்: ஆலைத் தொழிலாளர்கள். போர்ட் கெம்ப்ளா இரும்பாலை, ஜீலாங், டாண்டனாங் தொழிற்சாலைகள். வேலை உறுதி, சங்கம் உண்டு, பத்துப் பதினைந்து ஆண்டில் சொந்த வீடு. ஆனால் 1973 ஜூலையில் இறக்குமதி வரியை ஒரே நாளில் 25 விழுக்காடு குறைத்தார்கள். அதிலிருந்து தேயத் தொடங்கிய உற்பத்தித் தொழில், 2017 அக்டோபரில் கடைசிக் கார் ஆலைகள் மூடியதோடு ஏறக்குறைய முடிந்தது. 50 வயதில் ஆலை வாசலுக்கு வெளியே நின்றவருக்கு, ஆங்கிலம் அதுவரை தேவைப்பட்டிருக்கவில்லை. மூன்றாவது அலை 1990களின் போர் அகதிகள்.

சீனர் வரலாறு இதைவிட நீளம். நடுவில் அறுந்து, மறுபடி தொடங்கியது. 1850களில் தங்கம் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் குவாங்டாங்கின் நான்கு மாவட்டத்துக்காரர்கள். விக்டோரியா 1855இல் சீனர் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டதால் பக்கத்து மாகாணத்து ரோப் துறைமுகத்தில் இறங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்கவயலுக்குப் போனார்கள். 1901இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கதவை மூடியது. எழுத்துத் தேர்வு 1958 வரை, வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் கடைசி மிச்சம் 1973 வரை. அதற்குப் பிறகு வந்தவை புது வாசல்கள். வியட்நாம் வழி அகதிகள் ஒன்று. 1989 தியானன்மென் படுகொலைக்குப் பின் தங்க அனுமதி பெற்ற மாணவர்களும் குடும்பத்தாருமாக சுமார் 42,000 பேர் ஒன்று. வயதுக்கும் படிப்புக்கும் புள்ளி போட்டு விசா தரும் முறையில் வந்த படிப்பாளிகள், 2012 முதல் 50 லட்சம் டாலர் முதலீடு கேட்ட விசாவில் வந்தவர்கள், பிள்ளைகள் கட்டிய பெருந்தொகையில் பெற்றோர் விசாவில் வந்த முதியவர்கள். 50 லட்சம் டாலர்க்காரரையும் படகில் வந்தவரையும் கூட்டி இரண்டால் வகுத்து 'சீனர்' என்று பெயர் வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

வாசல் என்பது வெறும் கதையில்லை, அதற்குப் பின்னால் விதிகள் இருக்கின்றன. அகதி விசாவில் வந்தவருக்கு அரசு உதவித்தொகை வந்தவுடனேயே உண்டு. திறன் விசாவிலோ குடும்ப விசாவிலோ வந்தவருக்கு 1997 முதல் பெரும்பாலான உதவிகளுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பு. 2019 ஜனவரியில் அது நான்கு ஆண்டாக நீண்டது. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும். ஆகவே 'உதவித்தொகை வாங்குவோர் விகிதம்' என்று இரண்டு சமூகத்தை ஒப்பிட்டு, ஒருவர் சோம்பேறி, இன்னொருவர் உழைப்பாளி என்று எழுதுகிறவர்கள் அளப்பது குணத்தை அல்ல, விசா வகையை. என் முதல் வரைவிலும் அந்தத் தொனி இருந்தது. திரும்பப் படிக்கவே கூசியது.

உருப்படியான ஒப்பீடு ஒன்று கிடைத்தது 'வந்த ஆண்டு' என்ற மாறியால்தான். 1986 முதல் 1995 வரை வந்தவர்களை மட்டும் எடுத்து, வரும்போது 20 முதல் 34 வயதில் இருந்தவர்களை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தியானன்மென் காலத்து மாணவர்கள், இன்னொரு பக்கம் போருக்குத் தப்பிய செர்பியர்கள். இரு தரப்பிலும் படித்தவர்கள் நிறைய. இரு தரப்பிலும் பலர் வேலை தேடியது 1990களின் தொடக்கத்து மந்தத்தில், வேலையின்மை 11 விழுக்காட்டைத் தொட்ட காலத்தில். பொறியாளர் டாக்சி ஓட்டியதும் ஆசிரியை உணவகத்தில் பாத்திரம் கழுவியதும் இரண்டு பக்கமும் நடந்தது. இவர்களைப் படிப்பு, தொழில் இரண்டையும் குறுக்கே வைத்துப் பாருங்கள்: பட்டம் இருந்தும் உடலுழைப்பு வேலையில் இருப்பவர்கள் எத்தனை விழுக்காடு? இந்த ஒரே எண் இடைநிலை வருமானத்தைவிட அதிகம் சொல்லும். யூகோஸ்லாவியத் தொழிற்பள்ளிச் சான்றிதழை ஒருவர் உயர்நிலைப் பள்ளி என்றும், இன்னொருவர் தொழில் டிப்ளோமா என்றும் எழுதுவார். ஆகவே 'பள்ளிப் படிப்பு', 'தொழிற்சான்றிதழ்' இரண்டையும் சேர்த்து ஒரே அடுக்காக வைத்துவிடுங்கள். விசா வகையோடு கணக்கெடுப்பை இணைத்த தனித் தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதைக் கண்டதும் துள்ளிக் குதித்தேன். ஆனால் அது 2000 ஜனவரிக்குப் பின் வந்த நிரந்தரக் குடியேறிகளை மட்டுமே கொண்டது. போர் அகதிச் செர்பியர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். இன்னும் நான்கு நாள் வீண்.

பகுதிவாரிக் குறியீட்டையும் தொட்டுவிட்டு நகர்கிறேன். செர்பியர்கள் சிட்னியில் லிவர்பூல், பானிரிக் பக்கம், மெல்பர்னில் டாண்டனாங், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம். சீனர்கள் சிட்னியில் ஹர்ஸ்ட்வில், சாட்ஸ்வுட், ஈஸ்ட்வுட், மெல்பர்னில் பாக்ஸ் ஹில், கிளென் வேவர்லி. பகுதியின் வசதிக் குறியீட்டை எடுத்து அங்கே வாழும் சமூகத்தின் தலையில் ஒட்டினால் தவறு. சாட்ஸ்வுட்டில் ஒரு படுக்கையறை வீட்டை நான்கு பேர் பகிரும் மாணவரும் அந்த வசதியான பகுதியின் குடிமகன்தான்.

சமூக நலம் என்ற பாதி, பணத்தைவிட வழுக்கும். மன உளைச்சலை அளக்கக் கெஸ்லர் 10 என்ற பத்துக் கேள்வி அளவுகோல் வழக்கம்: 10 முதல் 50 வரை மதிப்பெண், 22 முதல் 29 வரை அதிகம், 30உம் அதற்கு மேலும் மிக அதிகம். மொழிபெயர்ப்பில்தான் விபத்து. செர்பிய மொழியைச் சிரிலிக், லத்தீன் இரண்டு எழுத்திலும் எழுதுவார்கள். சிரிலிக் மட்டும் அச்சடித்தால் சிலருக்கு அது அரசியல் கொடி. போஸ்னியா, குரோஷியாவிலிருந்து வந்த செர்பியர்களின் பேச்சும் பெல்கிரேடு பேச்சும் வேறு. பால் அவர்களுக்கு ம்லியேகோ, இவர்களுக்கு ம்லேகோ. படிவத்தைப் பெல்கிரேடு வழக்கில் மட்டும் தந்தால் அகதிக் குடும்பம் முதல் வரியிலேயே 'இது நமக்கில்லை' என்று வைத்துவிடும். சீனத்தில் எளிமையாக்கிய எழுத்து, பாரம்பரிய எழுத்து இரண்டும் வேண்டும். நேர்காணலுக்கு மாண்டரின், கான்டனீஸ் இரண்டுக்கும் ஆள் வேண்டும். தேசிய அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர், திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்க இன்னொருவர். செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆள் சேர்க்கும் இடமும் முடிவை மாற்றும். தேவாலயத்தில் போய்ச் செர்பியர்களைச் சேர்த்தால், உறவும் நட்பும் அடர்த்தியாக உள்ளவர்களே வருவார்கள். அதிலும் 1963இல் செர்பியத் திருச்சபை வெளிநாட்டில் இரண்டாகப் பிளந்தது. ஆஸ்திரேலியாவிலும் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கோயில்கள் எழுந்தன. 1990களில் சமரசம் ஆனாலும் எந்தக் கோயில் என்பது இன்னும் பழையவர்களுக்குப் பொருள் உள்ள கேள்வி. ஒரே கோயிலில் சேர்த்தால் ஒரே அரசியல், ஒரே அலை கிடைக்கும். 'எந்தச் சங்கத்தில் உறுப்பினர்' என்று கேட்டால் சீனர்கள் தனிமையில் வாடுவதாகத் தோன்றும். சீனர்களின் அரட்டைச் செயலியான வீசாட்டில் குழு எத்தனை என்று கேட்டால் கதை மாறும். செர்பியரிடம் குடும்பப் புனிதர் நாளான ஸ்லாவாவுக்கு எத்தனை வீடுகளுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். சங்க உறுப்பினர் கேள்வியைவிட நேரான பதில் வரும். பாகுபாடு என்ற கேள்வியில் மட்டும் இரண்டு சமூகமும் ஒரே நிலத்தில் இல்லை. தெருவில் போகும் செர்பியரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. சிட்னியின் லோவி ஆய்வு நிறுவனம் 2020இல் ஆஸ்திரேலியச் சீனர்கள் 1,040 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், முந்தைய 12 மாதத்தில் சீனர் என்பதற்காக உடல்ரீதியாக மிரட்டப்பட்டோ தாக்கப்பட்டோ இருப்பதாக 18 விழுக்காட்டினர் சொன்னார்கள். 3,000 டாலர் வாரச் சம்பளம் இதைச் சரிக்கட்டுமா என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. ஆகவே பண நலத்தையும் சமூக நலத்தையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆசையை நான் விட்டுவிட்டேன்.

ஏழு வாரத்துக்குப் பின் என் கணிப்பு: செர்பியருக்கும் சீனருக்கும் உள்ள தூரத்தைவிட, சீனருக்குள்ளேயே இருக்கும் தூரம் பெரியது, செர்பியருக்குள் 1970இல் வந்தவருக்கும் 1995இல் வந்தவருக்கும் உள்ள தூரமும் சின்னதில்லை. இங்கே பிறந்த தலைமுறையை எடுத்தால் இரண்டு சமூகத்திலும் படிப்பு பெற்றோரை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர்களைப் பிடிக்க, வம்சாவளியோடு தாய் பிறந்த நாடு, தந்தை பிறந்த நாடு என்ற இரண்டு மாறிகளையும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். அட்டவணை எடுத்த நாள், எந்தத் தரவுத்தொகுப்பு, வழக்கமாக வசிக்கும் இடம் அடிப்படையா அல்லது கணக்கெடுப்பு இரவில் இருந்த இடமா, எந்த வரிசைகளைக் கழித்தீர்கள், எந்தெந்த வயது அடுக்கு, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அட்டவணையோடு சேர்த்து வையுங்கள். 2026 ஆகஸ்ட் 11 கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்போது அதே சல்லடையில் சலித்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியும். நான் எழுதி வைக்காமல் விட்ட ஒரு அட்டவணையின் எண்கள் இப்போது மறுபடி எடுத்தாலும் வருவதில்லை. எதைக் கழித்தேன் என்று நினைவில்லை.